வெனிஸில் தங்க இடம் பிடிப்பது எப்படி: அறையைப் பார்க்கும் முன் பாலங்களை எண்ணுங்கள்

"இன்னும் எத்தனை பாலம்டா?" மூன்றாவது பாலத்தின் உச்சியில் நின்றுகொண்டு அம்மா கேட்டார். நவம்பர் மாதம், இரவு எட்டரை மணி, விடாத தூறல். என் இரண்டு கைகளிலும் கைக்கொன்றாக இருபத்து மூன்று கிலோ பெட்டிகள். கைப்பேசி வரைபடம் "நான்கு நிமிட நடை" என்று நாற்பது நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அது காட்டிய கடைசித் திருப்பத்தில் திரும்பினால் தெரு முடிந்துவிட்டது. எதிரே தண்ணீர். படகு வைத்திருப்பவருக்கு அது வாசல், எங்களுக்கு முட்டுச்சந்து.

படங்களில் அந்த விடுதி அவ்வளவு அழகு. மரக்கூரை, கண்ணாடிச் சரவிளக்கு, ஜன்னலுக்குக் கீழே கால்வாய். எல்லாம் உண்மைதான். நான்கு பாலங்களும் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியும் அதே அளவு உண்மை. அவை மட்டும் படத்தில் இல்லை. அடுத்த வருடம் இன்னொரு முறை போனபோது இடம் தேட இரண்டு வாரம் செலவழித்தேன், ஒரு சிக்கலும் வரவில்லை. முதல் முறை போகிறவர்கள் என் முதல் பயணத்தை மறுபடி வாழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். விலைகள் நான் போனபோது இருந்தவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. தேதியை முதலில் முடிவு செய்யுங்கள்

வெனிஸில் ஒரே அறை ஜனவரியில் ஒரு விலை, ஜூனில் மூன்று மடங்கு விலை. பிப்ரவரி வாக்கில் வரும் கார்னிவல், மே முதல் நவம்பர் வரை நடக்கும் பியென்னாலே கலைக் கண்காட்சியின் தொடக்க வாரம், ஜூலை மூன்றாம் வார இறுதியில் ரெதென்தோரே திருவிழா, ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் திரைப்பட விழா ஆகிய நாட்களில் சாதாரண விருந்தினர் விடுதிகூட நட்சத்திர ஓட்டல் விலை சொல்லும்.

மலிவு வேண்டுமானால் ஜனவரி 6-க்குப் பிறகு கார்னிவல் தொடங்கும்வரை, அல்லது நவம்பர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. அந்தக் காலத்தில் இருவருக்கான நல்ல அறை 80 முதல் 120 யூரோவுக்குக் கிடைத்தது. அதே தரத்துக்கு மே மாதம் 150-லிருந்து 250 வரை கேட்டார்கள். குளிரும் மூடுபனியும் இருக்கும், ஆனால் ஊர் காலியாக இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் அழகு.

குளிர் விஷயத்தில் ஒரு சிறு கண்ணி. வெனிஸ் பகுதியில் கட்டடங்களின் பொது வெப்பமூட்டியை அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் வழக்கமாக இயக்கலாம், அது சட்டம். ஏப்ரல் மூன்றாம் வாரம் போய் "ஹீட்டர் வேலை செய்யவில்லை" என்று சண்டை பிடித்துப் பயனில்லை. அறையில் தனி ஏ.சி. இருந்து அதில் சூடான காற்றும் வருமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. தீவா, கரையா? அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்

"வெனிஸ்" என்று தேடினால் வரும் விடுதிகளில் பெரும்பகுதி மெஸ்த்ரேயில் இருக்கும். அது தீவைக் கரையோடு இணைக்கும் நீண்ட பாலத்துக்கு இப்பக்கம், நிலப்பரப்பில் உள்ள சாதாரண நகரம். நிர்வாகப்படி அதுவும் வெனிஸ் மாநகராட்சிதான், ஆகவே முகவரியில் வெனிஸ் என்று போட்டால் பொய் என்று சொல்ல முடியாது. இதை ஒரு நொடியில் கண்டுபிடிக்க அஞ்சல் குறியீடு போதும். 30121 முதல் 30125 வரை இருந்தால் தீவு நகரம். 30135-ம் தீவுதான், சாந்தா குரோசே. 30133 என்றால் ஜுதேக்கா, 30126 என்றால் லிதோ. 30171 முதல் 30175 வரை இருந்தால் மெஸ்த்ரே அல்லது அதை ஒட்டிய மார்கேரா, இரண்டும் கரைதான்.

மெஸ்த்ரே மோசம் என்று சொல்லவில்லை. ரயிலில் பத்து நிமிடம், ஒன்றரை யூரோ அளவில் சீட்டு, அகலமான அறை, லிஃப்ட் எல்லாம் உண்டு. குழந்தைகள், நிறையப் பெட்டிகள், ஒரே இரவு என்றால் நானே அங்குதான் போவேன். ஆனால் மாலை ஆறு மணிக்குப் பகல் கூட்டம் கிளம்பிப் போன பிறகுதான் தீவின் உண்மையான முகம் தெரியும். அந்த நேரத்தில் நீங்கள் ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருப்பீர்கள்.

3. எந்தப் பேட்டை?

தீவு நகரம் ஆறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அவர்கள் செஸ்தியேரே என்பார்கள், நான் பேட்டை என்றே வைத்துக்கொள்கிறேன்.

சான் மார்க்கோவைத் தவிர்த்துவிடுங்கள். விலை அதிகம், பகலெல்லாம் தேர்த் திருவிழாக் கூட்டம், இரவில் வெறும் கடை ஷட்டர்கள். ரியால்தோ பாலத்தைச் சுற்றிய சான் போலோவின் உட்பகுதியும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் காலையில் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு சுகம். சந்தைக்கு ஞாயிறு விடுமுறை.

கன்னாரேஜோ எனக்குப் பிடித்த பேட்டை. சாந்தா லூச்சியா ரயில் நிலையத்திலிருந்து இடதுபக்கம் நடந்தால் குல்யே பாலம் வரும்வரை வழியில் ஒரு பாலம்கூட இல்லை. பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். முதியவர்களோடு வருகிறவர்கள் அந்த நீளத்துக்குள் அறை தேடினால் பாதிக் கவலை தீரும். ஆனால் பிரதான சாலை முழுக்க நினைவுப் பொருள் கடைகள், சத்தமும் உண்டு. பக்கச் சந்துக்குள் இருக்கும் விடுதியாகப் பாருங்கள்.

சாந்தா குரோசே, பேருந்தும் காரும் வந்து நிற்கும் பியாத்சாலே ரோமாவை ஒட்டியது. கொஞ்சம் உள்ளே, சான் ஸ்தாயே படகுத்துறைப் பக்கம் போனால் வீட்டுத் துணி காயும் அமைதியான சந்துகள். தோர்சொதூரோ மாணவர்கள் பேட்டை. சாந்தா மார்கெரீத்தா சதுக்கத்தைப் பார்த்த அறை என்றால் நள்ளிரவு வரை பேச்சுச் சத்தம் நிச்சயம், ஆனால் தெற்குக் கரையான சாத்தெரே பக்கம் அருமை. கஸ்தெல்லோ கிழக்கே நீளமாகப் போகிறது. வியா கரிபால்தி என்ற அகலமான தெருவைச் சுற்றி உள்ளூர்வாசிகள் இன்னும் இருக்கிறார்கள், விலையும் இறங்கும். நிலையத்திலிருந்து ரொம்ப தூரம், அதுதான் விலை.

ஜுதேக்காவும் லிதோவும் தனித் தீவுகள். எங்கே போனாலும் படகுதான். வேலைநிறுத்த நாளிலும் அடர்ந்த மூடுபனியிலும் படகு நேரங்கள் தலைகீழாகும். இரண்டு இரவு மட்டும் தங்குகிறவருக்கு அந்த அபாயம் தேவையில்லை.

4. பாலங்களை எண்ணுங்கள்

இந்த ஊரில் நானூறுக்கும் மேல் பாலங்கள். பெரும்பாலானவற்றுக்குப் படிக்கட்டு. ஏற இருபது, இறங்க இருபது என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வரைபடம் தூரத்தைச் சொல்லும், படியைச் சொல்லாது. ஆகவே முன்பதிவுப் பொத்தானைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள்.

முதலில் விடுதிக்கு மிக அருகில் உள்ள வாப்போரெத்தோ நிறுத்தத்தைக் கண்டுபிடியுங்கள். வாப்போரெத்தோ என்பது நம் ஊர் டவுன் பஸ் மாதிரி, தண்ணீரில் ஓடுவது. பிறகு செயற்கைக்கோள் படத்தில் அந்த நிறுத்தத்திலிருந்து விடுதி வாசல்வரை விரலால் நடந்து பாருங்கள். விரல் எத்தனை முறை தண்ணீரைத் தாண்டுகிறதோ அத்தனை பாலம். பூஜ்யம் அல்லது ஒன்று என்றால் எடுங்கள். இரண்டு என்றால் பெட்டியின் எடையை நினைத்துப் பாருங்கள். மூன்றுக்கு மேல் என்றால் சரவிளக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

வெறும் தூரத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். நிலையத்திலிருந்து 300 மீட்டர் என்று விளம்பரம் சொல்லும். அந்த 300 மீட்டருக்குள் பெருங்கால்வாயைத் தாண்டும் ஸ்கால்சி பாலம் இருக்கும். இருப்பதிலேயே பெரிய பாலங்களில் அது ஒன்று. படகில் வந்து 400 மீட்டர் சமதளத்தில் நடப்பது அதைவிட எளிது. சக்கர நாற்காலி அல்லது மூட்டு வலி உள்ளவர்கள் இருந்தால், படியில்லாமல் போகக்கூடிய பகுதிகளைக் காட்டும் வரைபடத்தை மாநகராட்சியே வெளியிடுகிறது, அதையும் பாருங்கள்.

அடுத்தது முகவரி. இங்கே வீட்டு எண் தெருவுக்கு அல்ல, பேட்டைக்கு. "கஸ்தெல்லோ 4" என்று தொடங்கும் நான்கு இலக்க எண் ஒன்றைத்தான் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த எண்கள் பேட்டை முழுக்கச் சுற்றி வளைந்து ஓடும். ஒரு வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஐம்பது எண் தாவும். தெருப் பெயர் தெரிந்தாலும் போதாது. ரொட்டி அடுப்புச் சந்து என்று பொருள்படும் காலே தெல் ஃபோர்னோ என்ற பெயரில் ஊரில் பல சந்துகள். ஆகவே பேட்டை, எண், சந்தின் பெயர், அருகில் உள்ள சதுக்கம் அல்லது தேவாலயம், படகுத்துறை ஆகிய ஐந்தையும் எழுதி வாங்குங்கள். நல்ல வீட்டுக்காரர்கள் படகுத்துறையிலிருந்து கதவுவரை படம் படமாக அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பாதவரிடம் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன்.

வழி கேட்கும்போது உதவும் சில சொற்கள்: காலே என்றால் சந்து, காம்போ சதுக்கம், ரியோ சிறு கால்வாய், ஃபொந்தமேந்தா கால்வாயை ஒட்டிய நடைபாதை, சொத்தோபோர்தெகோ வீட்டுக்கு அடியில் குனிந்து போகும் வழி. கடைசியாகச் சொன்னதைத்தான் நாங்கள் அன்று யாரோ ஒருவரின் வீட்டு வாசல் என்று நினைத்து மூன்று முறை தாண்டிப் போனோம்.

5. விளம்பரத்தை வாசிக்கும் கலை

லிஃப்ட் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லையென்றால் லிஃப்ட் இல்லை. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தளக் கணக்கு நம் ஊர்க் கணக்குத்தான்: தரைத்தளம், அதற்கு மேல் முதல் மாடி. ஆனால் பழைய வீடுகளில் இடையில் ஒரு தாழ்ந்த அரைத்தளம் இருக்கும், அதை எண்ணுவதில்லை. முதல் மாடி என்று போனால் இரண்டு மாடி ஏற வேண்டியிருக்கும். "எத்தனை படி?" என்று நேரடியாகக் கேளுங்கள். எங்கள் விடுதியில் 61.

படி வேண்டாம் என்று தரைத்தளம் எடுப்பதும் சிக்கல். சுவரில் உப்பு பூத்திருக்கும், துணி காயாது. கடல் நீர் ஏறும் அக்வா ஆல்தா இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அதிகம். 2020 அக்டோபர் முதல் மோசே என்ற தடுப்பு மதகுகள் இயங்குகின்றன. பொதுவாகக் கடல் மட்டக் குறியிலிருந்து 110 சென்டிமீட்டருக்கு மேல் நீர் ஏறும் என்று கணித்தால்தான் அவற்றை உயர்த்துகிறார்கள். அதற்குக் குறைந்த ஏற்றத்திலேயே சான் மார்க்கோ போன்ற தாழ்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கலாம். அந்த மாதங்களில் தரைத்தளம் எடுப்பதாக இருந்தால் வாசல் உயரத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

கால்வாய்க் காட்சிக்கு எல்லோரும் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். நானும் கொடுத்தேன். முதல் நாள் காலை ஆறரைக்கு ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சரக்குப் படகு வந்து நின்றது. இஞ்சினை அணைக்கவில்லை. ஒருவர் படகிலிருந்து பாட்டில் பெட்டிகளைத் தூக்கிப் போட, இன்னொருவர் கரையில் நின்று பிடித்து அடுக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கலகல. நடுவில் இருவரும் எதையோ பற்றிச் சத்தமாக விவாதித்தார்கள். இங்கே லாரி வராது, குப்பை வண்டி வராது. பால், பீர், சலவை மூட்டை, குப்பை எல்லாம் படகுதான். தூக்கம் முக்கியமென்றால் உள்முற்றத்தைப் பார்த்த அறையைக் கேளுங்கள், விலையும் குறையும். கோடையில் நீர் வடியும்போது கால்வாய் நாறும், கொசுவும் உண்டு. ஜன்னலுக்கு வலை இருக்கிறதா என்று கேட்பது தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டில்: "மத்ரிமோனியாலே" என்றால் இருவருக்கான ஒரே பெரிய கட்டில். "தோப்பியா" என்றால் பெரும்பாலும் இரண்டு தனிக் கட்டில்கள். "அல்லா ஃபிரான்செசே" என்றால் 140 சென்டிமீட்டர் அகலக் கட்டில், இரண்டு பெரியவர்கள் நெருக்கிக்கொண்டு படுக்க வேண்டும். அம்மாவோடு போன நான் முதலாவதைப் பதிவு செய்துவிட்டுத் தரையில் போர்வை விரித்தேன்.

குளியலறை: "பிரிவாதோ எஸ்தெர்னோ" என்று இருந்தால் உங்களுக்கு மட்டுமான குளியலறைதான், ஆனால் அறைக்கு வெளியே, நடைக்கு அப்பால். "இன் கொமூனே" என்றால் மற்ற அறைக்காரர்களோடு பங்கு. தண்ணீர் வசதி பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இத்தாலியில் வீட்டுக் குளியலறை ஒன்றிலாவது பிதே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தாழ்ந்த தொட்டி, இருக்க வேண்டும் என்று 1975-லேயே விதி போட்டுவிட்டார்கள். பழைய விருந்தினர் விடுதிகளில் பெரும்பாலும் இருக்கும். அம்மா அந்த ஊரில் மனதாரப் பாராட்டிய முதல் பொருள் அதுதான்.

சமையல்: காலை உணவு என்றால் இனிப்பு ரொட்டியும் காபியும், பல இடங்களில் அவ்வளவுதான். விருந்தினர் விடுதி அறைகளில் சமைக்க விடமாட்டார்கள், தண்ணீர் காய்ச்சும் கெட்டில்கூடப் பல இடங்களில் இல்லை. தயிர்சாதம் இல்லாமல் மூன்றாம் நாள் தாங்காது என்பவர்கள் சமையலறையுள்ள குடியிருப்பாக எடுங்கள். அங்கே மின்செருகித் துளைகள் மெல்லியவை. இரண்டு மெல்லிய முனை கொண்ட கைப்பேசி சார்ஜர் நுழையும், மூன்று முனைக் குக்கர் நுழையாது.

பழைய மடங்களும் தேவாலய அமைப்புகளும் நடத்தும் விடுதிகளையும் பாருங்கள். எளிமை, சுத்தம், நியாயமான விலை, சில இடங்களில் தோட்டம்கூட உண்டு. இரவு கதவடைக்கும் நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. விடுதி உண்மையானதுதானா?

2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து, இத்தாலியில் சுற்றுலாப் பயணிகளுக்கு இடம் வாடகைக்கு விடும் ஒவ்வொருவரும் சி.ஐ.என். என்ற தேசிய அடையாள எண் பெற்று, அதை விளம்பரத்திலும் கட்டட வாசலிலும் காட்ட வேண்டும். வெனிஸ் விடுதிகளின் எண் IT027042 என்று தொடங்கும். மெஸ்த்ரேக்கும் அதே தொடக்கம்தான் என்பதால் தீவா கரையா என்பதை இது சொல்லாது, அதற்கு அஞ்சல் குறியீடுதான். எண்ணை இத்தாலியச் சுற்றுலா அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் இல்லாத விளம்பரத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னொரு பொறி, முன்பதிவுக்குப் பிறகு வரும் செய்தி. "உங்கள் அட்டையைச் சரிபார்க்க வேண்டும், 12 மணி நேரத்துக்குள் இந்த இணைப்பில் விவரம் தராவிட்டால் பதிவு ரத்து" என்று விடுதியின் பெயரிலேயே வரும். விடுதியின் கணக்கையே திருடர்கள் கைப்பற்றியிருப்பார்கள், அதனால் முன்பதிவுத் தளத்தின் உரையாடலுக்குள்ளேயே அது தோன்றும். எனக்கும் வந்தது. இணைப்பைத் தொடாமல் விடுதிக்குத் தொலைபேசியில் பேசினேன், அவர்கள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள். தளத்துக்கு வெளியே பணம் கேட்கும் எதற்கும் கையை நீட்டாதீர்கள்.

7. விசாவுக்கான பதிவு

எல்லா இரவுகளுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள். "டம்மி புக்கிங்" போட்டுத் தருகிறேன் என்னும் முகவர்களை நம்பாதீர்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய உண்மையான பதிவே போதும், செலவும் இல்லை. ரத்துக்கான கடைசித் தேதி, விசா முடிவு வரக்கூடிய தேதிக்குப் பிறகு இருக்கட்டும். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

நம் ஊர்ப் பெயர்களால் வரும் தொல்லை ஒன்று. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், அல்லது முதலெழுத்தை விரித்து அப்பா பெயர் இருக்கும். முன்பதிவுத் தளமோ இரண்டு பெயர் கேட்கும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே பிரித்துப் போடுங்கள், முதலெழுத்து மட்டும் போடாதீர்கள். உடன் வரும் எல்லோருடைய பெயரும் உறுதிச்சீட்டில் இருக்க வேண்டும். எங்கள் சீட்டில் என் பெயர் மட்டும் இருந்ததால் மையத்தின் முகப்பில் அம்மாவின் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரருக்கு எழுதி, இரண்டு பெயரோடு புதுச் சீட்டு வாங்கி, மறுநாள் மறுபடி போனோம்.

8. திரையில் தெரியும் விலைக்கு மேல் என்னென்ன

நகரத் தங்கல் வரி பெரும்பாலும் அறை விலையில் சேர்ந்திருக்காது. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று விடுதியின் வகையையும் பருவத்தையும் பொறுத்து வசூலிப்பார்கள், முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும். விருந்தினர் விடுதிகளில் சில யூரோதான். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை. பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள், சில்லறையாக யூரோ வைத்திருங்கள், ரசீதும் வாங்குங்கள். குடியிருப்பு எடுத்தால் துப்புரவுக் கட்டணம் தனி, அது இரண்டு இரவுக்கும் ஒன்றுதான், ஏழு இரவுக்கும் ஒன்றுதான். குறைந்த நாள் தங்குகிறவருக்கு அது அடி. இரவு எட்டு ஒன்பது மணிக்கு மேல் வந்தால் தாமதக் கட்டணமும் சில இடங்களில் உண்டு.

அட்டையில் கட்டும்போது "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கருவி கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதம். நம் வங்கிகளின் பல அட்டைகளில் அந்நியச் செலாவணிக்கென்று 3.5 சதவீதம்வரை பிடிப்பார்கள், அது இல்லாத அட்டை இருந்தால் அதை எடுத்துப் போங்கள்.

படகுச் செலவையும் தங்கும் செலவோடு கூட்டிப் பாருங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒருமுறைச் சீட்டு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஒருநாள் சீட்டு 25, இரண்டு நாள் 35, மூன்று நாள் 45. தூரத் தீவில் இரவுக்கு 20 யூரோ மிச்சம் பிடித்து, இருவருக்கும் படகுச் சீட்டு வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

9. பகல் நேர நுழைவுக் கட்டணம்: உங்களுக்கு விலக்கு, ஆனால் பதிவு வேண்டும்

2024 ஏப்ரலில் இருந்து, குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நகரம் கட்டணம் வாங்குகிறது. 2025-ல் அப்படி 54 நாட்கள், காலை 8.30 முதல் மாலை 4 வரை, முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு, மெஸ்த்ரேயில் தங்கினாலும் விலக்கு. ஆனால் நகராட்சித் தளத்தில் தங்குமிட விவரம் கொடுத்து விலக்குக்கான க்யூஆர் குறியீடு வாங்கிக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். இதற்குப் பணம் இல்லை, ஐந்து நிமிட வேலை. உங்கள் தேதி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, பதிவு உறுதியானதும் முடித்துவிடுங்கள்.

10. வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும்

மார்க்கோ போலோ விமான நிலையத்திலிருந்து பியாத்சாலே ரோமாவுக்குப் பேருந்து 10 யூரோ, சுமார் 25 நிமிடம். அங்கிருந்து படகு. விமான நிலையத்திலேயே படகு ஏறிச் சான் மார்க்கோ போவது அழகான வழி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தனி நீர்-டாக்சி நூறு யூரோவைத் தாண்டும். ஆனால் நான்கைந்து பேர், நிறையப் பெட்டிகள், விடுதிக்குச் சொந்தப் படகுத்துறை என்றால் அந்தப் பணம் வீண் இல்லை. முதல் முறை நாங்கள் அதைச் செய்திருக்க வேண்டும்.

முடிந்தவரை வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள். பல விருந்தினர் விடுதிகளில் வரவேற்பு மேசை கிடையாது. வீட்டுக்காரர் வேறெங்கோ இருந்து உங்களுக்காக வருவார், ஆகவே விமானம் இறங்கியதும் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள். எல்லோருடைய கடவுச்சீட்டையும் கேட்பார்கள். 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு, ஆகவே சந்தேகப்படாமல் கொடுங்கள், பதிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

குடியிருப்பில் தங்கினால் முதல் நாளே குப்பை விதியைக் கேளுங்கள். காலையில் ஆள் வந்து வாசலில் வாங்கிப் போவார், எந்த நாள் எந்த வகை என்று அட்டவணை உண்டு. இரவில் பையைத் தெருவில் வைத்தால் கடற்காகங்கள் கிழித்து இறைத்துவிடும், அபராதமும் உண்டு. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், சதுக்கங்களில் உள்ள குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது.

கிளம்பும் நாளில் பெரும்பாலும் பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். விமானம் இரவு என்றால் பெட்டியை வைத்துவிட்டுப் போகலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் சாந்தா லூச்சியா நிலையத்தில் பெட்டி காப்பகம் இருக்கிறது. இரண்டாவது முறை நாங்கள் கன்னாரேஜோவில், குல்யே பாலத்துக்கு இப்பக்கம், முற்றத்தைப் பார்த்த முதல் மாடி அறையில் தங்கினோம். பதினெட்டுப் படி, நிலையத்துக்கு ஏழு நிமிடம், பாலம் பூஜ்யம். பெட்டியை அம்மாவே உருட்டிக்கொண்டு வந்தார்.